சின்னதாய் ஒரு சங்கு

"நீங்க கோர்ட்டுக்கு வரணும் சார். வந்து, ஆலைச் சங்கை ஊதச் சொன்னது நான்தான்னு உங்க வாயால சொல்லணும்."

சொல்லிவிட்டாள். வேறு எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று அப்பா சொல்லி, அம்மா சொல்லி, அக்கா சொல்லி, கடைசியில் ஜெயிலுக்குப் போகவிருக்கிற அக்கா புருஷனே கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்ன அந்த ஒன்றை, சின்னவள் ஆபீஸ் திறந்ததும் திறக்காததுமாக மானேஜர் மேஜை முன்னால் நின்று போட்டு உடைத்துவிட்டாள்.

மானேஜர் தலையில் இரும்புத் தொப்பி இருந்தது. யுத்தம் அறிவித்த நாளிலிருந்து நூற்பாலைக்கு அவர்தான் பாதுகாப்புத் தலைவர். தொப்பி அவருக்கு ஒரு சுற்றுப் பெரிது. திடுக்கிட்டால் மூக்கு வரை இறங்கிவிடும். இப்போது இறங்கியது.

"உட்காரும்மா," என்றார் தொப்பிக்குள்ளிருந்து.

"நின்னுக்கிட்டே கேக்குறேன் சார். உட்கார்ந்தா நீங்க டீ வரவழைப்பீங்க. டீ வந்தா பேச்சு மாறிடும்."

நடந்ததை ஊரே அறியும். அவசர நிலை வந்ததும் எந்த ஆலையும் சங்கு ஊதக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். ஊரில் ஒரே சங்குதான் ஒலிக்கலாம். அது நகர மன்றக் கூரையில் இருக்கும் அபாயச் சங்கு. அது கேட்டால் போட்டது போட்டபடி ஓடிப்போய்ப் பதுங்குகுழியில் இறங்க வேண்டும். வேறு யாராவது ஊதி ஊரைக் கலைத்தால் ஒரு வருடம் வரை உள்ளே.

உத்தரவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆலைக் குடியிருப்பில் யாரும் கடிகாரம் பார்த்துப் பழகியவர்கள் இல்லை. சங்கு கேட்டு எழுந்து, சங்கு கேட்டுக் குளித்து, சங்கு கேட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுத்த கூட்டம் அது. சங்கு நின்றதும் அவரவர் தோன்றியபோது வேலைக்கு வந்தார்கள். ஒருத்தர் விடியுமுன் வந்து கேட்டைத் தட்டினார். இன்னொருத்தர் மத்தியானம் கொட்டாவி விட்டபடி வந்து, "நான்தான் முதல் ஆளா?" என்றார்.

மானேஜர் கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். பிறகு ஒரு நாள், "சின்னதா ஒரு ஊது ஊதச் சொல்லு. யாருக்குத் தெரியப்போகுது," என்றார். மரத்தடுப்புக்கு இந்தப் பக்கம் தன் மேஜையில் இருந்த சின்னவள் காதில் அது அட்சரம் பிசகாமல் விழுந்தது.

சின்னதாய் ஊதியிருந்தால் ஒருவேளை தெரியாமலே போயிருக்கும். ஊதியவர் அக்கா புருஷன் ஆயிற்றே. பாய்லர் அறையில் வேலை. சங்கு மாமா என்றால்தான் குடியிருப்பில் தெரியும். அவருக்குச் சின்னதாய் ஊத வராது. சங்கிலியை மெல்ல இழுத்து, அடித்தொண்டையில் ஆரம்பித்து, படிப்படியாய் ஏற்றி, உச்சியில் நிறுத்தி, ஒரு குலுக்குக் குலுக்கி இறக்குவார். அது அவர் கைப்பக்குவம். அபாயச் சங்கும் ஏறக்குறைய அப்படித்தான் ஊதும் என்பது சங்கிலியைப் பிடித்த நேரத்தில் அவருக்கு உறைக்கவில்லை.

ஊர் ஓடியது. சலூனிலிருந்து பாதி மீசையோடு ஒருவர் ஓடினார். வாத்தியார் தன் வகுப்புப் பிள்ளைகளை முந்திக்கொண்டு ஓடினார். காய்கறிக்காரர் குழிக்குள் குதித்துக் காலைச் சுளுக்கிக்கொண்டார். அவர் மேல் போலீஸ் இன்ஸ்பெக்டர் குதித்தார். அந்த இன்ஸ்பெக்டர்தான் கேஸ் எழுதினார்.

இன்று பிற்பகல் விசாரணை.

மானேஜர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்தார். "நான் ஊதச் சொன்னேன்னே வெச்சுக்குவோம். இப்படியா ஊதச் சொன்னேன்?"

"எப்படி ஊதினாலும் தப்புதான் சார். சின்னதா ஊதினா சின்ன ஜெயில்னு உத்தரவுல போடலை."

"நீ படிச்ச பொண்ணு. யோசிச்சுப் பாரு. நான் போய்க் கூண்டுல நின்னா ஆலையோட பேர் என்ன ஆகும்?"

"மாமா போய் நின்னா எங்க அக்கா பொழப்பு என்ன ஆகும்?"

மானேஜர் சிரித்தார். ஆலையைப் பார்க்க வரும் பெரிய மனிதர்களிடம், 'இது எங்க ஆலைப் பொண்ணு, குடியிருப்பிலேயே முதல் பட்டதாரி' என்று அவளைக் காட்டும்போது வருமே, அந்தச் சிரிப்பு. அதைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கண் எரியப் படித்தது அவள். பட்டம் என்னவோ இவர் கூடத்தில் பஞ்சு போட்டு நூற்று எடுத்த மாதிரி பேச்சு.

"இதோ பாரு. உங்க மாமா குற்றத்தை ஒத்துக்கட்டும். ஒத்துக்கிட்டா கொஞ்சம் குறைச்சுப் போடுவாங்க. திரும்பி வர்ற வரைக்கும் அவர் வேலை பத்திரம், உங்க வீடு பத்திரம். உனக்கும் அந்த ஆடுற நாற்காலியை மாத்தி நல்லதா போடச் சொல்றேன். யாராவது கேட்டா, என் காதுல ஒண்ணும் விழலைன்னு சொல்லிடு."

"விழுந்துச்சே சார்."

"மத்தியானம் வந்து பதில் சொல்லு," என்று மானேஜர் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

*

வீட்டில் பெரியவள், புருஷனுக்கு ஜெயிலுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

குண்டு விழுந்தால் சிதறாதிருக்க ஜன்னல் கண்ணாடியில் குறுக்கே ஒட்டிய காகிதப் பட்டைகளின் நிழல் கட்டில்மேல் கட்டம் கட்டமாக விழுந்தது. அந்தக் கட்டத்துக்குள் சங்கு மாமா சம்மணமிட்டு உட்கார்ந்து, ஊருக்குப் போகிறவர் மாதிரி யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்தத் தலையணையையும் வை. அங்க எப்படி இருக்குமோ."

"ஸ்வெட்டர் எதுக்குக்கா? வெயில் கொளுத்துது," என்றாள் சின்னவள் செருப்பைக் கழற்றியபடி.

"உள்ள குளிருமாம்."

"யார் சொன்னா?"

"டீக்கடைக்காரர் பொண்டாட்டி. ராத்திரி இருட்டடிப்பு நேரத்துல அவர் அடுப்பு வெளிச்சத்தை மறைக்காம விட்டதுக்குப் போன வாரம்தானே கொண்டு போனாங்க."

"போனவர் இன்னும் வரவே இல்லை. குளிருதுன்னு எப்படிச் சொல்லி அனுப்பினார்?"

"நீ உன் படிப்பை இங்க காட்டாதே," என்று பெரியவள் ஸ்வெட்டரை அமுக்கி வைத்தாள். கண் சிவந்திருந்தது. கை மட்டும் நிற்கவில்லை.

சங்கு மாமாவுக்கு அது தாங்கவில்லை. அவள் முகம் வாடினால் உடனே எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்தாக வேண்டும் அவருக்கு. "எல்லாரும் தப்புப் பண்ணிட்டு மாமியார் வீட்டுக்குப் போவாங்க. நான் மாமியார் வீட்டுலயே இருந்துக்கிட்டு மாமியார் வீட்டுக்குப் போறேன். இப்படி ஒரு கொடுப்பினை யாருக்கு வரும்?"

அடுப்படியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தாள். "அங்க ரெண்டாவது டம்ளர் டீ கேட்டா கிடைக்காது மாப்பிள்ளை. அதை நினைப்புல வெச்சுக்குங்க."

"அது மட்டும்தான் அத்தை கஷ்டம். மத்தபடி எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. மொத்த ஊரும் என் ஒரு இழுப்புக்கு ஓடிச்சு பாருங்க. இந்த வீட்டுல பூனைகூட என் பேச்சுக்கு எழுந்திரிக்காது."

பெரியவள் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் மூக்கை உறிஞ்சினாள்.

"நான் மானேஜர்கிட்ட கேட்டுட்டேன்," என்றாள் சின்னவள்.

வீடு அப்படியே நின்றது. அம்மா கையில் கரண்டி. அக்கா கையில் துண்டு.

"எதை?" என்று அம்மா கேட்டாள், எது என்று தெரிந்தே.

"எதைக் கேக்கக் கூடாதுன்னு சொன்னீங்களோ அதை."

"இவ வாயை வெச்சுக்கிட்டு…" என்று அம்மா ஆரம்பித்து, எப்படி முடிப்பதென்று தெரியாமல் அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள்.

சின்னவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "மாமா, கேஸை எப்படி எழுதியிருக்காங்க தெரியுமா? ஊரைப் பயமுறுத்தணும்னே வேணும்னு ஊதினார்னு. வேணும்னு ஊதினா முழு வருஷம். மேல இருந்து சொல்லி ஊதினா அது வேற. அந்த வித்தியாசத்தை யாராவது வாயைத் திறந்து சொல்லணும். மானேஜர் சொல்ல மாட்டார். நீங்க சொன்னா நம்ப மாட்டாங்க. நான் கேட்டேன், நான் சொல்லுவேன்."

"உன் வேலை போயிடும் பாப்பா."

"போகட்டும். நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. மானேஜர் அவர் ரூம்ல சொன்னார். நீங்க பாய்லர் ரூம்ல இருந்தீங்க. நடுவுல வந்து உங்ககிட்ட சொன்னது யாரு?"

சங்கு மாமாவுக்குத் திடீரென்று பெட்டிமேல் அக்கறை வந்துவிட்டது. "சோப்பு வெச்சியா?"

"வெச்சாச்சு," என்றாள் பெரியவள்.

"பல்பொடி?"

"அதுவும் வெச்சாச்சு."

"மாமா."

"சீப்பு? இருக்கிற நாலு முடியை வாரிக்க வேண்டாமா?"

கொல்லைக் குழாயடியில் அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். ஆலையில் மேஸ்திரி, சாப்பிட வந்தவர். கையில் அழுக்கு போய் வெகு நேரம் ஆகிவிட்டது. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது.

சின்னவள் எழுந்து போய்க் குழாயை மூடினாள்.

"நான்தான்," என்றார் அப்பா, ஈரக் கையைப் பார்த்தபடி. "மானேஜர் சொன்னது என்கிட்ட. போய்ச் சொன்னது நான். 'மேல இருந்து சொல்லிட்டாங்க, ஊதுங்க மாப்பிள்ளை'ன்னேன். சின்னதா ஊதுங்கன்னு… சொன்னேனா, மறந்துட்டேனான்னு இப்ப வரைக்கும் எனக்குப் புரியலை."

"சொன்னீங்க மாமா," என்றார் சங்கு மாமா உள்ளேயிருந்து அவசரமாக. "நல்லா சொன்னீங்க. என் கைதான் கேக்கலை."

"சொல்லலை மாப்பிள்ளை. நடந்து வர்ற வழியில விட்டுட்டேன்."

"என் காதால கேட்டேன்கிறேன்."

"பாய்லர் சத்தத்துல உங்க காதுக்கு என்ன கேக்கும்? நான் சொல்லவே இல்லை."

"சொன்னீங்க."

"சொல்லலைங்கிறேன்."

பெரியவள் பெட்டியின் மூடியைப் படாரென்று சாத்தினாள். "ரெண்டு பேருக்குமா கட்டவா? இன்னொரு பெட்டி பரண்மேல இருக்கு."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயும்விட்டது. ஆலை கேட்டில் ஒட்டியிருக்கும் உத்தரவை அவள் போகும்போதும் வரும்போதும் படித்திருக்கிறாள். ஊதச் சொன்னவர், அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், ஊதியவர் என்று மூன்று பேரையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தார்கள். மானேஜரைக் கூண்டுக்கு இழுத்தால் அந்தக் கயிற்றில் அப்பாவும் கூடவே வருவார். மாமா இத்தனை நாளாக வார்த்தையை மென்று முழுங்கியது மானேஜருக்காக இல்லை.

"இப்பவாவது புரியுதா?" என்றார் அப்பா. குரல் தாழ்ந்திருந்தது. "கேக்காதே, கேக்காதேன்னு உன்கிட்ட எதுக்குத் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்னு?"

"புரியுது. உங்களுக்காக மாமா உள்ள போறார்னும் புரியுது."

"ஏய்," என்றாள் அம்மா.

"இருங்கம்மா. அப்பா, நான் கேட்டது மானேஜர் குரலை மட்டும். நீங்க உள்ள நின்னது எனக்குத் தெரியாது, நீங்க ஒரு வார்த்தை பேசலை. கோர்ட்டுல நான் கேட்டதைச் சொல்லுவேன். உங்களை நானா இழுக்க மாட்டேன். ஆனா யார்கிட்ட சொன்னார், உனக்குத் தெரியுமான்னு கேட்டா, தெரியாதுன்னு பொய் சொல்லவும் மாட்டேன்."

"பெத்த அப்பனை…" என்று அம்மா இழுத்தாள்.

"பெத்த அப்பன் தானா ஊதச் சொல்லலை. மேல சொன்னதைச் சொன்னார், அவ்வளவுதான். அப்பா, அதை நீங்களே எழுந்து நின்னு சொன்னா அதுக்கு மரியாதையே வேற. வேணும்னு செஞ்சதா ஒருத்தர் பேர்ல எழுதினது, பயந்து செஞ்சதா மூணு பேர் பேர்ல மாறும். ஒரு வருஷம்னு சொல்றதுக்கு மாஜிஸ்திரேட்டுக்கு நாக்கு கூசும்."

"கூசலைன்னா?" என்றார் அப்பா.

அவள் படித்த புத்தகம் எதிலும் மாஜிஸ்திரேட்டின் நாக்கைப் பற்றி எழுதியிருக்கவில்லை.

"கூசலைன்னா, ரெண்டு பேருக்கும் சேர்த்து நான் சாப்பாடு கொண்டு வர்றேன்," என்றாள்.

அப்பா பெரியவளைப் பார்த்தார். நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன் என்கிற பார்வை. பெரியவள் புருஷனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

"எனக்கு நீங்களும் வேணும்பா, அவரும் வேணும். மானேஜர் வேண்டாம்," என்றாள்.

அப்பா தோள் துண்டை உதறிப் போட்டார். தட்டில் போட்டது போட்டபடி இருக்க, ஒரு வாய்கூட வைக்காமல் ஆலைப் பக்கம் நடந்தார். போகும் முதுகைப் பார்த்து எதையும் சொல்ல முடியவில்லை. கோபமா, பயமா, இரண்டும் இல்லாத வேறு ஒன்றா என்று அந்த முதுகில் எழுதியிருக்கவில்லை.

"போய்ட்டு வர்றேன்," என்று சின்னவளும் எழுந்தாள்.

"எங்கே?" என்றாள் அம்மா.

"மத்தியானம் பதில் சொல்லுன்னாரே மானேஜர். சொல்லாம விட்டா மரியாதையா இருக்குமா?"

*

பதில் வருமுன்பே நாற்காலி வந்துவிட்டிருந்தது.

சுழலுகிற நாற்காலி. முதுகுக்கு மெத்தை, கைக்கு மெத்தை, காலில் சக்கரம். அவள் மேஜைக்குப் பின்னால் புது மாப்பிள்ளை மாதிரி பளபளத்துக்கொண்டு நின்றது. பியூன் அதன்மேல் சுற்றியிருந்த காகிதத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

"உட்கார்ந்து பாரு," என்றார் மானேஜர், தன் அறை வாசலில் நின்றபடி.

உட்கார்ந்தாள். ஆசைதான், பொய் சொல்வானேன். காலால் தரையை உந்தி ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். பட்டை ஒட்டிய ஜன்னல், மணல் மூட்டை, பியூன், மரத்தடுப்பு, மானேஜர் என்று ஆபீஸ் முழுக்க ஒருமுறை கண்முன்னால் ஓடி நின்றது. எழுந்துகொண்டாள்.

"அருமையா இருக்கு சார். அடுத்து வர்றவங்க சந்தோஷப்படுவாங்க."

மானேஜரின் சிரிப்பு பாதியில் நின்றது. பியூனை வெளியே போகும்படி கண்ணைக் காட்டினார். பியூன் உரித்த காகிதத்தை மிக மெதுவாக மடிக்கத் தொடங்கினார்.

"உங்க அப்பாவும் மாட்டுவார். அது தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான் வந்திருக்கேன். அப்பா மாட்டக் கூடாதுன்னு மாமா மாட்டிக்கிட்டார். உங்களை எதிர்த்துப் பேசக் கூடாதுன்னு அப்பா மாட்டிக்கிட்டார். எங்க வீட்டுல எல்லாரும் யாருக்காகவோதான் மாட்டியிருக்காங்க. நீங்க யாருக்காக இங்க உட்கார்ந்திருக்கீங்கன்னுதான் எனக்கு விளங்கலை."

"வாயை அடக்கிப் பேசு. இந்த ஆலை உனக்கு என்ன குறை வெச்சுது?"

"ஒரு குறையும் வைக்கலை. அதனாலதான் காலையில உங்களையே வந்து கேட்டேன். இப்பவும் கேக்குறேன். வாசல்ல உங்க கார் நிக்குது, நான் நடந்து போறேன். எனக்கு முன்னால நீங்க போய்ச் சேர்ந்துடலாம். நீங்களே சொல்லிட்டா, நான் பின்னால பெஞ்சுல உட்கார்ந்து கேட்டுட்டு வந்துடுவேன். இதே நாற்காலியில உட்கார்ந்து நாளைக்கு வேலையும் பாப்பேன்."

மானேஜர் ஒரு கணம் காரைப் பார்த்தார். பார்த்தார் என்பதை அவள் பார்த்துவிட்டாள். பியூனும் பார்த்தார். அந்த ஒரு கணத்தில் எதுவும் நடந்திருக்கலாம்.

"இப்ப நீ போனா திரும்பி வர வேண்டியதில்லை," என்றார்.

சின்னவள் மேஜைச் சாவியை எடுத்துப் புது நாற்காலியின் மெத்தைமேல் வைத்தாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாள். தண்ணீர்ப் பாட்டில் அவளுடையது, அதையும் எடுத்துக்கொண்டாள். பியூன் தலையைக் குனிந்தவாறே வழி விட்டார். விடும்போது, "நல்லா பேசும்மா," என்று காகிதத்தைப் பார்த்துச் சொன்னார்.

வெளியே போகும் வழி நூற்புக் கூடத்தின் ஓரமாக இருந்தது. இயந்திரங்கள் வழக்கமான இரைச்சலோடு ஓடின. பஞ்சு பறந்தது. வரிசையின் முனையில் அப்பா நிற்கும் இடம் காலி. பக்கத்தில் வேலை செய்த அம்மாள் கையை ஆட்டி, மேஸ்திரி எங்கே என்று சைகையில் கேட்டாள். சின்னவள் உதட்டைப் பிதுக்கினாள்.

கேட்டில் வாட்ச்மேன் எழுந்து நின்றார்.

"என்ன பட்டதாரி, பாதியில கெளம்பிட்டே?"

"எனக்கு முடிஞ்சுபோச்சு அண்ணே."

"உங்கப்பாவும் இப்பத்தான் போனார். கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பாக்கலை. எந்தப் பக்கம் போனார் தெரியுமா…"

"வேண்டாம் அண்ணே, சொல்லாதீங்க. அவர் எந்தப் பக்கம் போனாலும் நான் போற பக்கம் மாறாது," என்றாள் சின்னவள்.

டிபன் பாக்ஸை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, கோர்ட்டுக்குப் போகிற சாலையில் இறங்கி நடந்தாள்.